சின்னக் கிட்டார் எந்த மாடல்? வாங்கும் முன் கண்டுபிடிப்பது எப்படி

செகண்ட் ஹேண்டில் டிராவல் சைஸ் கிட்டார் தேடும் எல்லோருக்கும் ஒரே தொல்லைதான். விளம்பரத்தில் 'பேபி டெய்லர்' என்று போட்டிருக்கும், படத்தில் இருப்பது அதே டெய்லர் கம்பெனியின் ஜி.எஸ். மினி. இன்னொருவர் 'லிட்டில் மார்ட்டின், நல்ல கண்டிஷன்' என்று மட்டும் எழுதியிருப்பார், அது எல்.எக்ஸ்.1-ஆ எல்.எக்ஸ்.எம்-ஆ என்று கேட்டால் அவருக்கே தெரியாது. பெரும்பாலும் யாரும் ஏமாற்றுவதில்லை. பரிசாக வந்திருக்கும், பையன் வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்து வைத்துவிட்டுப் போயிருப்பான், ஹெட்ஸ்டாக்கில், அதாவது கழுத்தின் தலைப்பகுதியில், இருக்கும் பெயரைப் பார்த்து விற்கிறார்கள். ஆனால் அந்தப் பெயர் கம்பெனியை மட்டும்தான் சொல்லும். ஒரே பெயருக்குக் கீழே டாப் என்னும் முன்பலகை வேறு, நீளம் வேறு, சத்தத்தை ஸ்பீக்கருக்கு அனுப்பும் பிக்அப் வேறு, விலையும் வேறு. அதனால் பெயரை ஓரமாக வைத்துவிட்டு ஸ்கேல் நீளம், சவுண்ட்ஹோலின் (உடம்பின் நடுத்துளையின்) உள்பக்கம், டாப்பின் விளிம்பு இந்த மூன்றையும் பாருங்கள். ஏறக்குறைய எல்லாக் குழப்பமும் இதிலேயே தீர்ந்துவிடும்.

முதலில் ஸ்கேல் நீளம், அதாவது நட்டிலிருந்து சேடில் வரை கம்பி அதிரும் நீளம். நட் என்பது கழுத்தின் மேல்முனையில் கம்பிகள் உட்காரும் பட்டை, சேடில் என்பது உடம்பில் இருக்கும் பிரிட்ஜில் அவை உட்காரும் பட்டை. தையல் டேப் ஒன்று போதும். நட் முடிந்து ஃப்ரெட்போர்டு தொடங்கும் இடத்திலிருந்து 12-வது ஃப்ரெட் கம்பியின் நடுவரை அளந்து இரண்டால் பெருக்குங்கள், அதுதான் ஸ்கேல். சேடில் வரை நேராக அளக்கவேண்டாம், சேடில் கொஞ்சம் சாய்வாக இருக்கும், ஒவ்வொரு கம்பிக்கும் ஒவ்வொரு அளவு வந்து குழப்பிவிடும். 12-வது ஃப்ரெட் வரை 27 சென்டிமீட்டர் வந்தால் யமஹா ஜே.ஆர். வகை, அதன் ஸ்கேல் 540 மில்லிமீட்டர். 28.9 வந்தால் பேபி டெய்லர், 22 முக்கால் அங்குலம். 29.2 என்றால் லிட்டில் மார்ட்டின், 23 அங்குலம். 29.8-ஐ ஒட்டி வந்தால் ஜி.எஸ். மினி, 23 அரை அங்குலம். 30.5 வந்தால் மார்ட்டினின் ட்ரெட்நாட் ஜூனியர், 24 அங்குலம். 32.4 வந்துவிட்டால் அது டிராவல் சைஸே இல்லை, முழு நீளக் கிட்டார். பிக் பேபி டெய்லரைப் பெயரைப் பார்த்து சின்னது என்று நினைத்துக்கொள்கிறார்கள், ஆனால் அதன் ஸ்கேல் 25 அரை அங்குலம், உடம்பு மட்டும்தான் ட்ரெட்நாட் என்னும் பெரிய உடம்பு வடிவத்தைவிடக் கொஞ்சம் சிறியது. பேருந்தில் மடியில் வைத்துக்கொண்டு போகலாம் என்று வாங்கினால் ஏமாற்றம்தான்.

பேபி டெய்லருக்கும் லிட்டில் மார்ட்டினுக்கும் 12-வது ஃப்ரெட்டில் மூன்று மில்லிமீட்டர்தான் வித்தியாசம் என்பதால் அந்த இரண்டில் டேப்பை நம்பவேண்டாம். அங்கே வடிவத்தைப் பார்த்தால் போதும். பேபி என்பது ட்ரெட்நாட்டைச் சுருக்கியது, தோள் அகலம், இடுப்பு அதிகம் ஒடுங்காது. லிட்டில் மார்ட்டினுக்குத் தோள் உருண்டை, இடுப்பு நன்றாக உள்ளே போகும். இதைவிட உறுதியான அடையாளம் பேபியின் ஃப்ரெட்போர்டிலேயே இருக்கிறது. கழுத்து உடம்போடு சேரும் இடத்தைத் தாண்டி, சவுண்ட்ஹோலுக்குப் பக்கத்தில் ஃப்ரெட்டுகளுக்கு நடுவே இரண்டு ஸ்க்ரூ தலைகள் மேலே தெரியும். முதல்முறை பார்ப்பவர்கள் யாரோ ரிப்பேர் செய்திருக்கிறார்கள் என்று பயந்து விலகிவிடுவார்கள். அது கம்பெனியே போட்டது, கழுத்தைப் பிடித்திருப்பதே அந்த ஸ்க்ரூக்கள்தான். ஜி.எஸ். மினியில் இது கிடையாது. ஆகவே விற்பவர் 'டெய்லர் மினி' என்றோ 'டெய்லர் பேபி' என்றோ எதைச் சொன்னாலும், அந்த இடத்தை மட்டும் ஒரு படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். இரண்டு புள்ளிகள் தெரிந்தால் பேபி, இல்லையென்றால் மினி என்று எடுத்துக்கொள்ளலாம். உடம்பின் அகலமும் உதவும். பேபியின் கீழ்ப்பகுதி 12 அரை அங்குலம், மினியுடையது 14 அங்குலத்துக்கு மேல்.

அப்புறம் சவுண்ட்ஹோலின் உள்ளே. டெய்லர், யமஹா இரண்டிலும் மேலிருந்து பார்த்தால் லேபிள் தெரியும், மாடல் பெயர் அதில் இருக்கும். மார்ட்டினில் அப்படித் தேடினால் ஏமாந்துபோவீர்கள். அங்கே மாடல் பெயரும் சீரியல் நம்பரும் கழுத்துக்கட்டையில் இருக்கும், அதாவது கழுத்து உடம்புக்குள் வந்து உட்காரும் மரத்துண்டில். கம்பிகளைக் கொஞ்சம் தளர்த்திவிட்டு, போன் கேமராவைச் செல்ஃபி பக்கம் திருப்பி சவுண்ட்ஹோலுக்கு மேலே பிடித்து, இன்னொரு போனின் டார்ச்சை உள்ளே அடித்தால் எழுத்துத் தெளிவாக விழும். சின்ன முகக்கண்ணாடி இருந்தால் அதுவும் போதும், எழுத்து மட்டும் இடம்வலம் மாறித் தெரியும். இந்தப் படத்தை அனுப்ப மறுக்கும் ஆளிடம் முன்பணம் கொடுக்காதீர்கள்.

இனி டாப். என்னைக் கேட்டால் சின்னக் கிட்டாரில் பணம் எங்கே போகிறது என்பதற்குப் பதில் இதுதான், அதனால் இதில் கொஞ்சம் நிதானமாக நிற்போம். உடம்பு சிறியது, உள்ளே காற்று குறைவு, சத்தத்துக்கு ஆதாரம் அந்த முன்பலகைதான். அது முழு மரமா, ஒட்டுப்பலகையா, ஹெச்.பி.எல்-ஆ என்பதைப் பொறுத்தே கிட்டாரின் குரல் அமையும். ஹெச்.பி.எல். என்றால் பயப்படவேண்டாம், நம் வீட்டு அலமாரிக்கும் மேஜைக்கும் ஒட்டும் சன்மைக்காவின் இனம்தான். காகித அடுக்குகளைப் பிசினில் ஊறவைத்து, சூட்டிலும் அழுத்தத்திலும் இறுக்கி, மேலே மரத்தின் படத்தை அச்சடித்தது. லிட்டில் மார்ட்டினின் பின்பக்கமும் பக்கவாட்டும் அதுதான். டாப்பில்தான் மாடலுக்கு மாடல் மாறும். எல்.எக்ஸ்.1 என்றால் டாப் முழு சிட்கா ஸ்ப்ரூஸ் மரம். எல்.எக்ஸ்.எம். என்றால் டாப்பும் ஹெச்.பி.எல்., ஸ்ப்ரூஸ் படம் போட்டது. எல்.எக்ஸ்.கே.2 என்றால் ஹவாய்த் தீவுகளின் கோவா (koa) மரப் படம், முன்னாலும் பின்னாலும் ஹெச்.பி.எல்-தான். கறுப்பாக வரும் எல்.எக்ஸ். பிளாக்கும் அப்படியே. கோவா படம் போட்டதைப் பார்த்துவிட்டு 'கோவா மரக் கிட்டார்' என்று விலை சொல்கிறார்கள், அதற்கு நீங்கள் மரத்தின் விலை கொடுக்கத் தேவையில்லை.

இதைக் கண்ணால் கண்டுபிடிக்கும் வழி எளிது. சவுண்ட்ஹோலின் விளிம்பில், பலகையை அறுத்த வெட்டுமுகம் தெரிகிறதே, அங்கே டார்ச்சைச் சாய்த்து அடியுங்கள். முழு மரமாக இருந்தால் மேலே ஓடும் ரேகைகள் விளிம்பில் மடிந்து அப்படியே கீழே இறங்கும், ஒவ்வொரு கோட்டையும் விரலால் தொடர முடியும். ஒட்டுப்பலகை என்றால் கிடையாக அடுக்கு தெரியும், நடு அடுக்கின் நிறம் பெரும்பாலும் வேறாக இருக்கும், மேல் ரேகைக்கும் அதற்கும் சம்பந்தமே இருக்காது. ஹெச்.பி.எல்-இல் ரேகை மேற்பரப்போடு நின்றுவிடும், வெட்டுமுகம் காகித அட்டையைப் போலச் சீராக, கறுத்தோ பழுப்பாகவோ இருக்கும், நார் எதுவும் தெரியாது. விளிம்பில் பெயின்ட் அடித்து மூடியிருந்தால் கொஞ்சம் கஷ்டம். அப்போது உள்ளே கையை விட்டு டாப்பின் அடிப்பக்கத்தைத் தடவிப் பாருங்கள், மரத்துக்குரிய சொரசொரப்பு இருக்கிறதா என்று கைக்கே தெரியும்.

எல்.எக்ஸ்.எம். மட்டம், வாங்காதீர்கள் என்று சொல்ல வரவில்லை. சென்னை மாதிரி கடலோர ஊரில் ஈரப்பதம் ஏறி இறங்கும்போது முழு மரம் உப்பும், சுருங்கும், ஏசி அறையில் மாதக்கணக்கில் கிடந்தால் விரிசல் விடவும் வாய்ப்புண்டு. ஹெச்.பி.எல். இதற்கெல்லாம் அசையாது. ஹாஸ்டலில் கட்டிலுக்கு அடியில் தள்ளிவைக்க, கடற்கரைக்கு எடுத்துப்போக, ரயிலில் மேல் பெர்த்தில் போட அதைவிட நிம்மதியான கிட்டார் கிடையாது. எல்.எக்ஸ்.எம்-க்கு எல்.எக்ஸ்.1-இன் விலையைக் கொடுத்துவிடக் கூடாது, அவ்வளவுதான் என் கவலை. வாசித்துப் பார்த்தால் எல்.எக்ஸ்.1-இல் மேல்கம்பிகள் தனித்தனியாக மணி மணியாக வரும், எல்.எக்ஸ்.எம்-இல் கொஞ்சம் மூடிய குரல்.

மார்ட்டின் ட்ரெட்நாட் ஜூனியரும் லிட்டில் மார்ட்டினும் ஒன்று என்று நினைப்பவர்கள் நிறைய. 2015-இல் வந்த இந்த ஜூனியரில் டாப் மட்டுமல்ல, பின்பக்கம், பக்கவாட்டு எல்லாமே முழு மரம், பின்னால் சப்பேலி என்ற மரம். நட்டும் அகலம், ஒன்றே முக்கால் அங்குலம், எல்.எக்ஸில் 1 11/16 அங்குலம்தான். தடித்த விரல்காரர்களுக்கு இந்த ஒன்றரை மில்லிமீட்டர் பெரிய ஆறுதல். பின்பக்கத்தைப் பார்த்தே பிரிக்கலாம். வெளியே ஓடும் ரேகையில் ஒரு முடிச்சையோ வளைவையோ குறித்துக்கொண்டு, சவுண்ட்ஹோல் வழியாக உள்ளே அதே இடத்தைப் பாருங்கள். முழு மரத்தில் அதே ரேகை உள்ளேயும் இருக்கும். ஹெச்.பி.எல்-இல் ஒத்தே போகாது. எழுத்திலும் வித்தியாசம் தெரியும், கழுத்துக்கட்டையில் 'ஜூனியர்' என்பதன் சுருக்கம் இருக்கும். அதே நீளத்தில், இடுப்பு ஒடுங்கிய உடம்போடு 000 ஜூனியர் என்றும் ஒன்று உண்டு.

டெய்லருக்கு வருவோம். பேபி 1996-இல் வந்தது. ஸ்ப்ரூஸ் டாப் உள்ளது பி.டி.1, மஹோகனி டாப் உள்ளது பி.டி.2. இரண்டிலும் டாப் முழு மரம், பின்பக்கமும் பக்கவாட்டும் அடுக்குப்பலகை. நிறத்திலேயே தெரிந்துவிடும், ஒன்று வெளிர் மஞ்சள், மற்றது செம்பழுப்பு. பின்பக்க அடுக்கில் முன்பு சப்பேலி, பிறகு வால்நட் என்று மாற்றினார்கள், ஆகவே ஒரே பி.டி.1 இரண்டு நிறப் பின்பக்கத்தோடு கிடைத்தால் ஒன்று போலி என்று முடிவுகட்டவேண்டாம். பழைய லேபிளில் பி.டி. என்பதற்குப் பதில் 301 என்ற எண் இருக்கும், அதுவும் பேபிதான். பாடகி டெய்லர் ஸ்விஃப்ட் பெயரில் வந்த பேபியும் உண்டு, சவுண்ட்ஹோலைச் சுற்றிக் கொடி மாதிரி அலங்காரம் இருக்கும். அடிப்படையில் அது ஸ்ப்ரூஸ் பேபி, அலங்காரத்துக்காக அதிகம் கொடுப்பதா என்பது உங்கள் விருப்பம்.

ஜி.எஸ். மினி 2010-இல் வந்தது. ஸ்ப்ரூஸ், மஹோகனி, கோவா, ரோஸ்வுட் என்று பெயர் வரும்போது அந்தப் பெயர் எதைக் குறிக்கிறது என்று கவனியுங்கள். ஸ்ப்ரூஸ், மஹோகனி என்றால் அது டாப்பின் பெயர். கோவா என்றால் டாப் முழு கோவா, பின்பக்கம் கோவா அடுக்குப்பலகை. ரோஸ்வுட் என்றால் பின்பக்கம் ரோஸ்வுட் அடுக்கு, டாப் ஸ்ப்ரூஸ். 2017-இல் வந்த மினி பேஸில் நான்கு கம்பி, அதைக் குழப்பிக்கொள்ள வழியில்லை. ஓர் உள் அடையாளமும் சொல்கிறேன். மினியின் பின்பலகையை அழுத்தி வில்லாக வளைத்திருப்பதால் உள்ளே பின்பக்கத்தில் குறுக்குச் சட்டம் எதுவும் கிடையாது, மொட்டையாக இருக்கும். லேபிளில் மினி என்று எழுதி, உள்ளே பின்பக்கத்தில் வரிசையாகச் சட்டங்கள் தெரிந்தால் உடனே கீழே வைத்துவிடுங்கள்.

டெய்லரின் சீரியல் நம்பர் தேதியையே சொல்லிவிடும் என்பதால் அதை விட்டுவிடாதீர்கள். முதலில் எத்தனை இலக்கம் என்று எண்ணுங்கள். 1993 முதல் 1999 வரை ஒன்பது இலக்கம், முதல் ஆறும் ஆண்டு, மாதம், நாள். 2000-லிருந்து 2009 அக்டோபர் வரை பதினொரு இலக்கம், ஆண்டு முழுதாக நான்கு இலக்கத்தில் வரும், பிறகு மாதம், நாள். 2009 நவம்பரிலிருந்து பத்து இலக்கம், இதைப் படிக்கத்தான் பலர் தடுமாறுகிறார்கள். முதல் இலக்கம் தொழிற்சாலை, 1 என்றால் கலிஃபோர்னியாவின் எல் கஹோன், 2 என்றால் மெக்சிகோவின் டெகாட்டே. இரண்டாவது இலக்கத்தையும் ஏழாவது இலக்கத்தையும் சேர்த்தால் ஆண்டு. மூன்றும் நான்கும் மாதம், ஐந்தும் ஆறும் நாள், கடைசி மூன்றும் அன்றைய வரிசை எண். உதாரணத்துக்கு 2108146035 என்று ஓர் எண்ணை எடுத்துக்கொள்வோம். 2, டெகாட்டே. இரண்டாவது 1, ஏழாவது 6, ஆக 2016. நடுவில் 08, 14, ஆகஸ்ட் 14. கடைசியில் 035. இப்படிப் படித்துப் பார்க்கும்போது மாதத்தில் 17 என்றோ நாளில் 42 என்றோ வந்தால் அது டெய்லரின் எண் இல்லை. அதேபோல் 2010-இல் பிறந்த ஜி.எஸ். மினிக்குப் பதினொரு இலக்க எண் இருக்க வழியில்லை. பேபிக்கு மூன்று வகையும் இருக்கலாம்.

மார்ட்டினில் இப்படிப் படிக்க முடியாது, எண்ணுக்குள் தேதி இல்லை. பெரிய மார்ட்டின்களுக்கு ஆண்டுவாரிப் பட்டியல் உண்டு, அதில் லிட்டில் மார்ட்டினையும், மார்ட்டினின் இன்னொரு டிராவல் கிட்டாரான பேக்பேக்கரையும் தேடினால் தப்பான ஆண்டுதான் கிடைக்கும், இவற்றுக்கு எண் வரிசையே தனி. ஹெட்ஸ்டாக்கில் 1833 என்று இருப்பதைப் பார்த்துப் பழைய கிட்டார் என்றோ அமெரிக்காவில் செய்தது என்றோ சொல்பவர்களும் உண்டு. அது கம்பெனி தொடங்கிய ஆண்டு. லிட்டில் மார்ட்டின் மெக்சிகோவின் நவோஹோவாவில் செய்யப்படுவது, அதில் குறை ஒன்றும் இல்லை, ஆனால் 'யு.எஸ். மேட்' என்று கூடுதல் விலை கேட்டால் கொடுக்கவேண்டாம்.

பிக்அப் விஷயத்தில் மாடல் பெயருக்குக் கடைசியில் வரும் 'இ' என்ற எழுத்துதான் சாவி. பி.டி.1.இ, ஜி.எஸ். மினி.இ, எல்.எக்ஸ்.1.இ எல்லாமே கம்பெனியில் பிக்அப் வைத்து வந்தவை. டெய்லரில் பக்கவாட்டில் ட்யூனரோடு சின்னப் பெட்டி இருந்தால் அது இ.எஸ்.பி. சிஸ்டம். 'இ' இல்லாத மினியில் பின்னால் கேபிள் குத்தும் இடம் இருந்து, சவுண்ட்ஹோலில் ஃப்ரெட்போர்டு முடியும் இடத்துக்கு அடியில் ஒரு பிக்அப் தெரிந்தால் அது பெரும்பாலும் இ.எஸ். கோ, பிறகு வாங்கி மாட்டியது, பேட்டரி கிடையாது. மினியை அதற்கென்றே தயாராக வைத்துத்தான் விற்றார்கள், எனவே அதைக் குறையாக நினைக்கவேண்டாம். எல்.எக்ஸ்.1.இ-யில் ஆண்டைப் பொறுத்து மாறும். சிலவற்றில் பக்கவாட்டில் ட்யூனரோடு ஃபிஷ்மன் ஐசிஸ், பிறகு வந்தவற்றில் ஃபிஷ்மன் சோனிடோன். சோனிடோனில் பக்கவாட்டில் ஒன்றுமே இருக்காது, திருகுகள் சவுண்ட்ஹோலின் உள்விளிம்பில் ஒளிந்திருக்கும், விரலால் தடவினால்தான் தட்டுப்படும். படத்தில் பெட்டி இல்லை என்பதற்காக 'இ' இல்லை என்று முடிவுசெய்துவிடாதீர்கள். பாடகர் எட் ஷீரன் மேடையில் வாசித்துப் பிரபலமாக்கியது இந்த எல்.எக்ஸ்.1.இ-யைத்தான். அவர் பெயரில் வந்த பதிப்புகளும் உண்டு, அவற்றில் சிலவற்றில் பெருக்கல் குறியோ வகுத்தல் குறியோ இருக்கும். குறியை ஸ்டிக்கராக ஒட்டுவது பெரிய வேலை இல்லை என்பதால் அங்கேயும் உள்ளே எழுதியிருப்பதைப் பார்த்தபிறகே நம்புங்கள்.

யமஹாவில் இவ்வளவு சிக்கல் இல்லை. ஜே.ஆர்.1, ஜே.ஆர்.2 இரண்டும் 540 மில்லிமீட்டர், இரண்டிலும் டாப் ஒட்டுப்பலகை ஸ்ப்ரூஸ். ஜே.ஆர்.1-இன் பின்பக்கம் மெராண்டி, ஜே.ஆர்.2-இல் மஹோகனித் தோற்றம் கொண்ட மெல்லிய படலம். கடைசியில் 'எஸ்' சேர்ந்து ஜே.ஆர்.2.எஸ் என்று வந்தால்தான் முழு மர டாப். 'என்.டி.', 'டி.பி.எஸ்.' என்பவை நிறத்தின் குறிகள், அதைப் புது மாடல் என்று யாராவது சொன்னால் சிரித்துவிட்டு நகருங்கள். ஏ.பி.எக்ஸ்.டி.2 என்பது மெல்லிய உடம்பு, ஒரு பக்கம் வெட்டு, பிக்அப்போடு வருவது, ஸ்கேல் 580. சி.எஸ்.எஃப். வகை 600 மில்லிமீட்டர். அதில் 1.எம் என்றால் டாப் மட்டும் முழு மரம், 3.எம் என்றால் எல்லாமே முழு மரம். இந்த 3.எம் பற்றி நம் பக்கத்தில் அதிகம் பேச்சில்லை, கிடைத்தால் விடாதீர்கள்.

பேக்பேக்கரை அடையாளம் காண யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை, படகுத் துடுப்பு மாதிரி இருக்கும். 1994-இல் கொலம்பியா விண்கலத்தில் விண்வெளிக்கே போய்வந்த வகை இது. இரும்புக் கம்பி கட்டியதும் நைலான் கட்டியதும் தனித்தனி மாடல்கள், ஒன்றில் மற்றதன் கம்பியைப் போடக்கூடாது. யூகுலேலே அளவில் ஆறு கம்பியோடு வரும் கிட்டாலேலேவும் நைலான்தான். யமஹா ஜி.எல்.1-இன் ஸ்கேல் 433 மில்லிமீட்டர், ட்யூனிங் சாதாரணக் கிட்டாரைவிட நான்காம் ஸ்வரம் அளவுக்கு மேலே, ஏ-டி-ஜி-சி-இ-ஏ.

கடைசியாக, சின்னதாக இருப்பதெல்லாம் டிராவல் கிட்டார் இல்லை. ஹெட்ஸ்டாக்கில் நீளமாக இரண்டு திறப்பு, அகலமான கழுத்து, பிரிட்ஜில் கம்பியை முடிச்சுப்போட்டுக் கட்டியிருப்பது, இதெல்லாம் தெரிந்தால் அது குழந்தைகளுக்கான முக்கால் சைஸ் கிளாசிக்கல். யமஹா சி.எஸ்.40 அந்த வகை, ஸ்கேல் 580, பேபி டெய்லருக்குச் சமம், ஆனால் நைலானுக்காகச் செய்தது. சத்தம் போதவில்லை என்று அதில் இரும்புக் கம்பி ஏற்றி விற்பவர்கள் இருக்கிறார்கள். அப்படி ஒன்று கைக்கு வந்தால் பிரிட்ஜுக்குப் பின்னால் டாப் வயிறு தள்ளியிருக்கிறதா, பிரிட்ஜின் பின்விளிம்பில் ஒரு விசிட்டிங் கார்டு நுழைகிறதா என்று பாருங்கள். நுழைந்தால் பிரிட்ஜ் கிளம்ப ஆரம்பித்துவிட்டது, விலை எவ்வளவு குறைத்தாலும் வேண்டாம்.